வேதாரண்யம் உப்புக்காற்றில் 1974 ஜீப்: பாடியைத் துத்தநாகத்தில் முக்கலாமா?

வேதாரண்யம் ஜீப் | ஜூன் 3, இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டு ஜீப் 1974 மாடல் மஹிந்திரா சி.ஜே. 3பி, பானட் உயரமாக இருக்கும் அந்த வண்டி. அப்பா அதை அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கும் வயலுக்கும் முப்பது வருடம் ஓட்டினார். 2018 நவம்பர் 16, கஜா அடித்த அன்று கொட்டகை மேல் தென்னை சாய்ந்து, விண்ட்ஷீல்டு பிரேமும் வலது மட்கார்டும் நசுங்கிப்போயின. அன்றிலிருந்து தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது.

இப்போது பாடியைச் சேஸிலிருந்து கழற்றிக் கட்டை மேல் ஏற்றியாயிற்று. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். டிரைவர் காலடித் தகடு முழுக்கப் போய்விட்டது. டூல் பாக்ஸுக்கு அடியே இல்லை. பின்சக்கர வளைவும் தரைத்தகடும் சேரும் மடிப்பு நெடுக உதிர்கிறது. அடியில் குறுக்கே ஓடும் சேனல்கள் வெளியே பார்க்க நன்றாக இருக்கின்றன, உள்ளே விரலை விட்டால் துரு கைநிறைய வருகிறது. பானட், கிரில், டெயில்கேட் மூன்றும் பரவாயில்லை.

டிங்கரிங் முடித்து, மொத்தப் பாடியையும் திருச்சிப் பக்கம் கொண்டுபோய்க் கால்வனைசிங் தொட்டியில் (உருகிய துத்தநாகத்தில்) முக்கியெடுத்து, மேலே பழைய பச்சையையே அடிக்கலாம் என்று நினைக்கிறேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெறும் பெயிண்டை நம்ப மனம் வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இரண்டு வருடம் முன்பு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் கேரியர் செய்து, ஒரு பட்டறையில் எனாமல் அடித்து வாங்கினேன். ஐப்பசி மழைக்கே வெங்காயத்தோல் மாதிரி உரிந்துவிட்டது. கேட்டால், ஜி.ஐ. மேல் பெயிண்டே நிற்காது என்றார்கள். அப்படியானால் முக்கியெடுத்த பாடியில் மட்டும் எப்படி நிற்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருவெறும்பூர் வெல்டர் | ஜூன் 3, இரவு 11.15

தம்பி, மொத்தப் பாடியை முக்காதீர்கள். இருபது வருடமாக முக்குவதற்கு அனுப்பும் சாமான்களை வெல்டு செய்துகொண்டிருக்கிறேன். காரணத்தோடு சொல்கிறேன்.

துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். தொட்டியில் 450 டிகிரி வாக்கில் வைத்திருப்பார்கள். உங்கள் பாடித்தகடு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. சொச்சம். ஒரு பக்கம் தொட்டிக்குள் இறங்கிச் சூடாகி விரியும்போது மறுபக்கம் வெளியே ஆறிப்போய்த் தொங்கும். அதோடு, இந்த ஐம்பது வருடத்தில் தட்டி, வளைத்து, வெல்டு வைத்த இறுக்கம் எல்லாம் அந்தச் சூட்டில்தான் அவிழும். தட்டையான பக்கத்தகடு வெளியே வரும்போது எண்ணெய் டின் அடி மாதிரி அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதை அப்புறம் எந்த டிங்கராலும் நிமிர்த்த முடியாது. சுத்தி பட்டால் துத்தநாகம் செதிலாகப் பெயரும்.

அடுத்தது மடிப்பு. முக்குவதற்கு முன் எண்ணெய் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் துரு எடுத்து, அலசி, பிளக்ஸ் (துத்தநாகம் ஒட்ட உதவும் உப்புக் கரைசல்) தொட்டியில் நனைப்பார்கள். ஜீப் பாடி முழுக்க ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டு அடித்த தகடு. அந்த இடுக்குக்குள் ஆசிட் புகும், உருகிய துத்தநாகம் புகாது. ஆறு மாதம் கழித்து மடிப்பிலிருந்து பழுப்பு நீர் கசியும். மேலே எவ்வளவு விலை கொடுத்துப் பெயிண்ட் அடித்தாலும் அந்த இடத்தில் கொப்புளம்தான்.

மூன்றாவது, உயிர்ப் பிரச்சினை. இருபுறமும் மூடிய குழாயோ பெட்டியோ உள்ளே ஈரத்தோடு தொட்டிக்குள் போனால் நீராவி அழுத்தத்தில் வெடிக்கும். விண்ட்ஷீல்டு பிரேமுக்குக் காற்றுத் துளையும் வடிதுளையும் போடாமல் எந்த யூனிட்டுக்கும் அனுப்பிவிடாதீர்கள். தொட்டியருகே நிற்பவன் மேல் துத்தநாகம் தெறிக்கும்.

கனமானவற்றைத் தாராளமாக முக்குங்கள். பம்பர், பாடி பிராக்கெட், ஸ்டெப்னி ஸ்டாண்டு, கொக்கி, படிக்கட்டு எல்லாம் முக்கலாம். சேஸ் நல்ல நிலையில் இருந்து, துளை சரியாக இருந்தால் அதையும் முக்கலாம். ஸ்பிரிங் லீஃப் பட்டையையும் ஹைடென்சில் போல்ட்டையும் அனுப்ப வேண்டாம். ஆசிட்டில் ஊறும்போது ஹைட்ரஜன் உள்ளே போய், சுமையில் திடீரென்று முறியும்.

மன்னார்குடி 540 | ஜூன் 4, காலை 7.05

அண்ணன் சொல்வது புரிகிறது. ஆனால் வெளிநாட்டில் லேண்ட் ரோவர்காரர்கள் எல்லாவற்றையும் கால்வனைஸ் செய்கிறார்களே? கதவு ஓரக் கேப்பிங்கூடத் துத்தநாகம்தான். அவர்களால் முடிவது நமக்கு ஏன் முடியாது? நானும் என் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்புக்கு இதே கனவில் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

திருவெறும்பூர் வெல்டர் | ஜூன் 4, காலை 8.30

நியாயமான கேள்வி. 1948-ல் வந்த லேண்ட் ரோவரின் வெளித்தகடு பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவை. எஃகு என்பது சேஸும் பல்க்ஹெட்டும் (இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரக் கேப்பிங்கும்தான். கேப்பிங் மடித்த துண்டு. குறுகலானது, மடிப்பே அதற்கு விறைப்பு. சூட்டில் அவ்வளவாக ஆடாது. சேஸ் கனமான பெட்டி. அவர்கள் தொட்டிக்கு அனுப்புவது இவற்றைத்தான். நம் ஜீப்பில் பக்கச்சுவர், தரை, மட்கார்டு எல்லாமே அகலமான எஃகுத் தகடு. பெயர் ஒரே வகை வண்டி என்றாலும் உடம்பு வேறு.

லேண்ட் ரோவரிலும் ஒரு வியாதி உண்டு. அலுமினியமும் வெற்று எஃகும் தொடும் இடத்தில் உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். எஃகின் மேல் துத்தநாகம் இருந்தால் அந்த அரிப்பு பெருமளவு குறையும்.

கும்பகோணம் டிங்கர் | ஜூன் 4, மதியம் 1.20

வெல்டர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு பானட் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஆசையோடு முக்கிக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு விரல் அளவு தொங்கிவிட்டது. கிரில்லில் பூட்டு விழவேயில்லை. கடைசியில் வேறு பானட் தேடினார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை புதிது இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது நவச்சாரம் தூவித் துணியால் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகை எழும், அழுக்கு விலகும், ஈயம் ஓடி ஒட்டும். கால்வனைசிங் பிளக்ஸ் தொட்டியில் இருப்பதும் நவச்சாரமும் துத்தநாக உப்பும் சேர்ந்த கரைசல்தான். நவச்சாரம் பிடிக்காத இடத்தில் ஈயம் நிற்காத மாதிரி, துருவும் பட்டியும் இருக்கும் இடத்தில் துத்தநாகம் நிற்காது. ஒரு வித்தியாசம் மட்டும் நினைவில் இருக்கட்டும். ஈயம் பூசிய இரும்புத் தகரத்தில் கீறல் விழுந்தால் இரும்பு முன்னைவிட வேகமாக அரிபடும். துத்தநாகத்தில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அதனால்தான் கடலோரத்தில் அதைத் தேடுகிறோம்.

பழைய டிங்கரிங்கில் ஈயம் ஊற்றிச் சமன் செய்திருப்பார்கள். அது முக்கும் சூட்டில் ஓடிவிடும். பட்டி கருகிவிடும். பம்பரில்கூடப் பழைய பெயிண்டை முழுக்க எடுத்த பிறகே அனுப்புங்கள். ஆசிட் துருவைத்தான் தின்னும், பெயிண்டைத் தின்னாது.

திருத்துறைப்பூண்டி விவசாயி | ஜூன் 4, இரவு 8.10

நானும் ஒரு 3பி வைத்திருக்கிறேன். சம்பா நடவுக்கு உர மூட்டை, அறுப்புக்கு ஆள், எல்லாம் அதில்தான். சித்திரையில் ஒரு தரம் அடியைக் கழுவிக் காயவைத்து ரெட் ஆக்சைடு அடிப்பேன். சேனலுக்குள் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவேன். இருபது வருடம் ஓடியிருக்கிறது. ஒரு ஜீப்புக்கு இத்தனை செலவு தேவையா என்று உண்மையிலேயே தோன்றுகிறது. வேலை செய்யும் வண்டி வேலை செய்ய வேண்டும்.

கும்பகோணம் டிங்கர் | ஜூன் 4, இரவு 9.00

ஐயா, வருடா வருடம் கை வைப்பவர் நீங்கள். அதுதான் உங்கள் வண்டியைக் காப்பாற்றியிருக்கிறது, ரெட் ஆக்சைடு அல்ல. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொட்டாஷ் மூட்டை ஏற்றும்போது தார்ப்பாய் விரியுங்கள். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. உப்பளத்து உப்புக்கு அது கூடப்பிறந்தது. மூட்டை கசிந்து தரைத்தகட்டில் ஈரம் பட்டால் வேதாரண்யத்துக் காற்றே தேவையில்லை. இந்தத் தம்பி பெயிண்ட் அடிக்கப்போகும் வண்டியில் ஆயிலும் ஊற்றக் கூடாது. ஒருமுறை மடிப்புக்குள் ஆயில் போய்விட்டால் அங்கே பிரைமர் பிடிக்காது. எல்லாம் முடிந்த பிறகு சேனலுக்குள் மெழுகு அடிப்பது வேறு விஷயம்.

நாகை படகுத்துறை | ஜூன் 5, காலை 6.30

இந்தப் பேச்சில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உப்பு.

படகு வேலையில் கற்றது இது. துருவைச் சுரண்டிவிட்டு, பளபளப்பாக இருக்கிறதே என்று உடனே பிரைமர் அடித்தால் மூன்று மாதத்தில் கொப்புளம் வரும். துருக்குழிக்குள் குளோரைடு உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்ட் செய்து (காற்றழுத்தத்தில் மணலடித்துத் துரு எடுத்து) ஓர் இரவு விட்டுப்பாருங்கள். குழிகள் மட்டும் கருத்து ஈரமாக இருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. நல்ல தண்ணீரில் அழுத்தமாக அலசி, உலர்த்தி, மறுபடி பிளாஸ்ட் செய்ய வேண்டும். நல்ல தண்ணீர் என்று சொன்னதைக் கவனியுங்கள். நம் கடலோரப் போர்த்தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது. அதில் அலசினால் இருக்கும் உப்பை எடுத்துவிட்டு வேறு உப்பைக் கொடுப்பதாகும். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வையுங்கள்.

பிளாஸ்ட் செய்பவரிடம், மெல்லிய தகடு என்று முதலிலேயே சொல்லுங்கள். பொடி கார்னெட் மணல், குறைந்த காற்றழுத்தம், சாய்த்துப் பிடித்த நாஸில். நேராக நின்று ஒரே இடத்தில் அடித்தால் முக்காமலே தகடு வளையும்.

பெயிண்ட் அடிக்கும் காலம் ஆனி, ஆடி. அப்போது கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வரும், உலர்ந்து இருக்கும். அதிலும் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது படகுத்துறையில் எழுதாத சட்டம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் டப்பாவையே திறக்காதீர்கள்.

வேதாரண்யம் ஜீப் | ஜூன் 5, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. மொத்தப் பாடியை முக்கும் ஆசையை விட்டுவிட்டேன். மனதுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் பானட் கதையைப் படித்த பிறகு வேறு வழி இல்லை. தரைத்தகட்டை ஜி.ஐ. ஷீட்டாகவே வாங்கி வைத்தால் என்ன? கடையில் 120 ஜி.எஸ்.எம். கிடைக்கிறது.

திருவெறும்பூர் வெல்டர் | ஜூன் 6, காலை 7.45

வைக்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்து வையுங்கள். 120 ஜி.எஸ்.எம். என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம். ஒரு பக்கத்துக்கு எட்டரை மைக்ரான்கூட (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) இல்லை. 275 ஜி.எஸ்.எம். தேடினால் ஒரு பக்கத்துக்கு 19 மைக்ரான் கிடைக்கும். தொட்டியில் முக்கினால், ஐ.எஸ்.ஓ. 1461 என்ற சர்வதேசத் தரத்தின்படி 1.5 மி.மீ.க்குக் குறைந்த தகட்டிலேயே சராசரி 45 மைக்ரான் இருக்க வேண்டும். 3 முதல் 6 மி.மீ. வரை 70, அதற்கும் மேல் கனமென்றால் 85. நம் நாட்டுத் தரத்தில் கேட்க வேண்டுமானால் ஐ.எஸ். 4759 என்று சொல்லுங்கள்.

இந்த எண் எதற்கு என்றால், ஐ.எஸ்.ஓ. 9223-ல் சி5 என்ற கடுமையான வகைச் சூழலில் துத்தநாகம் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் தேயும் என்று போட்டிருக்கிறது. உங்கள் கொட்டகை அந்த வகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மைக்ரான் ஷீட் வெறுமனே இருந்தால் ஒன்றிரண்டு மழைதான் தாங்கும். முக்கியெடுத்த பம்பர் எட்டு வருடத்துக்கு மேல் தாங்கும். மேலே சரியான பெயிண்டும் இருந்தால், பெயிண்ட், துத்தநாகம் இரண்டின் ஆயுளையும் கூட்டியதைவிட ஒன்றரை மடங்கு நிற்கும். பெயிண்ட் துத்தநாகத்தைத் தேயவிடாது, துத்தநாகம் பெயிண்டுக்கு அடியில் துரு பரவவிடாது.

வெல்டு வைக்கும் ஓரத்தில் ஓர் அங்குலம் துத்தநாகத்தை அரைத்தெடுங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெல்டும் நுரைக்கும், புகையும் வரும். அந்தப் புகையைப் பிடித்தால் அன்றிரவு குளிர்காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், அதை நம்பவேண்டாம். காற்றோட்டமும் சரியான மாஸ்க்கும்தான் வேண்டும். அரைத்த இடத்துக்கு வெல்டு முடிந்ததும் ஜிங்க் ரிச் எப்பாக்ஸி (துத்தநாகப் பொடி நிறைந்த பிரைமர்).

மன்னார்குடி 540 | ஜூன் 6, காலை 9.10

அந்தக் கேரியர் ஏன் உரிந்தது என்று யாரும் சொல்லவில்லையே?

கும்பகோணம் டிங்கர் | ஜூன் 6, மதியம் 2.00

அதற்குத்தான் வந்தேன். ஜி.ஐ. மேல் பெயிண்ட் நிற்காது என்பது தவறு. ஜி.ஐ. மேல் நேரடியாக எனாமல் நிற்காது. எனாமல் எண்ணெய் சேர்ந்த பெயிண்ட். ஈரத்தில் துத்தநாகத்தின் காரத்தோடு அந்த எண்ணெய் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்பது தெரிந்ததுதானே. பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் சோப்புப் படலம். உரியாமல் என்ன செய்யும்? உங்களுக்கு அடித்துக்கொடுத்தவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டது வருத்தம்தான்.

முக்கியெடுத்த சாமானுக்கு நான் செய்வது இப்படி. யூனிட்டுக்கு அனுப்பும்போதே, பெயிண்ட் அடிக்கப்போகிறேன், குரோமேட் தண்ணீரில் குளிரவைக்க வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கட்டிவிடுவேன். அந்தக் குரோமேட் துத்தநாகத்தில் வெள்ளைத்துரு வராமல் காக்கும், ஆனால் பெயிண்டையும் பிடிக்கவிடாது. வீட்டுக்கு வந்ததும் ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் சாய்த்து வையுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் ஒரே வாரத்தில் வெள்ளைத்துரு பூக்கும்.

அப்புறம் கூரான சொட்டுகளை அரத்தால் ராவி, அம்மோனியா கலந்த தண்ணீரில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, அலசிக் காயவைப்பேன். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். பரவாவிட்டால் எண்ணெய் இருக்கிறது. பிறகு கார்னெட் பொடியால் மேலோட்டமாக ஒரு வீச்சு. பளபளப்பு போய் மங்கினால் போதும், அதற்கு மேல் அடித்தால் துத்தநாகமே போய்விடும். அன்றே, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர். பிளாஸ்டிங் வசதி இல்லையென்றால் எட்ச் பிரைமர் (ஆசிட் கலந்தது) போடலாம். ஆனால் எட்ச் பிரைமர் மேல் எப்பாக்ஸியைக் கேட்காமல் அடிக்காதீர்கள். அந்த ஆசிட் பல எப்பாக்ஸிகளை இறுகவிடாது. பட்டி போட வேண்டுமென்றால் எப்பாக்ஸி மேல்தான், துத்தநாகத்தின் மேல் நேராக அல்ல. கடைசியில் பி.யூ. (பாலியூரிதேன் பெயிண்ட்) பச்சை.

வேதாரண்யம் ஜீப் | ஜூலை 19, இரவு 9.30

ஒன்றரை மாத வேலையைச் சொல்கிறேன்.

தரை, டூல் பாக்ஸ் அடி, பின்மடிப்பு மூன்றும் 275 ஜி.எஸ்.எம். ஷீட்டில் புதிதாக வந்தன. சேனல்களைக் கழற்றி 3 மி.மீ. தகட்டில் மடித்து, துளை போட்டுத் தனியாக முக்கினேன். அவற்றை வெல்டு வைக்காமல் நடுவில் சீலன்ட் தடவிப் போல்ட்டில் பூட்டினேன். இந்த யோசனை டிங்கர் அண்ணன் போனில் சொன்னது. பம்பர், பிராக்கெட், விண்ட்ஷீல்டு கீல் எல்லாம் தொட்டிக்குப் போய்வந்தன. மரைத்துளைகளில் துத்தநாகம் அடைத்திருந்தது. மரை வெட்டும் டேப் போட்டு மறுபடி மரை எடுக்க ஒரு முழு நாள் போனது. அனுப்பும் முன்பே மரையில் தடுப்புப் பேஸ்ட் தடவியிருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. அடுத்தவர்களுக்கு உதவட்டும்.

பக்கச்சுவர், பானட், மட்கார்டு ஆகியவற்றுக்கு மெல்லிய பிளாஸ்டிங், ஜிங்க் ரிச் எப்பாக்ஸி, எப்பாக்ஸி பிரைமர், மடிப்பெல்லாம் பி.யூ. சீலன்ட், பி.யூ. பச்சை. நாகை அண்ணன் சொன்னபடி முதல் பிளாஸ்டுக்குப் பிறகு இரவு விட்டுப்பார்த்தேன். வலது மட்கார்டில் உள்ளங்கை அளவு இடம் காலையில் கருத்து வேர்த்திருந்தது. சித்தப்பா வீட்டில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் மூன்று தரம் அலசிய பிறகே நின்றது. அன்று அதைப் பார்க்காமல் பிரைமர் அடித்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பழைய கேரியரையும் சுரண்டி, அம்மோனியா தேய்த்து, எப்பாக்ஸி அடித்து, பிளேடால் கட்டம் கீறி டேப் ஒட்டி இழுத்தேன். ஒரு செதில்கூட வரவில்லை.

திருத்துறைப்பூண்டி விவசாயி | ஜூலை 20, காலை 6.00

படம் பார்த்தேன் தம்பி. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் தார்ப்பாய் வாங்கிவிட்டேன். சேனல் மடித்த அளவு வேண்டும், என் வண்டிக்கும் அதே இடம்தான் போயிருக்கிறது.

வேதாரண்யம் ஜீப் | டிசம்பர் 28, மாலை 4.15

வடகிழக்குப் பருவம் ஒன்று முழுக்க நனைந்து முடித்தது. சேனல், தரை, பம்பர் எல்லாம் சுத்தம். ஒரே ஓர் இடத்தில், இடது டெயில் லேம்ப் பிராக்கெட்டுக்குக் கீழே, பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. பிராக்கெட் தொட்டியில் முக்கியெடுத்ததுதான். அப்படியும் ஏன்?

திருவெறும்பூர் வெல்டர் | டிசம்பர் 28, மாலை 6.40

போல்ட்டைப் பாருங்கள். கடையில் மஞ்சளாக மின்னும் பிளேட்டிங் போல்ட்டாக இருந்தால் அதன் மேல் துத்தநாகம் ஐந்து, பத்து மைக்ரான்தான் இருக்கும். கழற்றி, துளை ஓரத்தில் பிரைமர் தொட்டு, முக்கியெடுத்த போல்ட்டும் வாஷரும் போட்டு, பூட்டிய பிறகு தலைமேல் சீலன்ட் தடவுங்கள்.

வேதாரண்யம் ஜீப் | டிசம்பர் 28, இரவு 7.05

மஞ்சள் போல்ட்தான் அண்ணே. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கைவசம் இருந்ததைப் போட்டேன். நாளை திருத்துறைப்பூண்டி ஐயா சேனல் அளவு எடுக்க வீட்டுக்கு வருகிறார். அவரோடு சேர்ந்து கழற்றி, உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று படம் போடுகிறேன்.